கேம்பிங் ட்ரெய்லர் இழுக்கும்போது சைக்கிள எங்க மாட்டறது? பின்னாடி பம்பரா, முன்னாடி ஏ-ஃப்ரேமா?

சக்கரக்காலன்:
நாலு சைக்கிள், ஒரு கேம்பிங் ட்ரெய்லர், ஒரு எஸ்யூவி. இத எப்படி சேத்து கொண்டு போறதுன்னு ஒரு வாரமா வீட்ல பட்டிமன்றம் நடக்குது, தீர்ப்பு சொல்ல ஆளில்ல, அதான் இங்க வந்தேன்.

ட்ரெய்லர் சிங்கிள் ஆக்சில் (ஒரே ஒரு சக்கர அச்சு), சாமானெல்லாம் ஏத்துனா 1500 கிலோ. ஹிட்ச் பால் (காருக்குப் பின்னாடி ட்ரெய்லர மாட்டற உருண்டை) மேல உக்கார்ற எடை 170 கிலோ, ஹிட்சோட லிமிட் 200. சைக்கிள்ல ரெண்டு எலக்ட்ரிக், ஒவ்வொன்னும் 25 கிலோ, மத்த ரெண்டும் பசங்களோடது, ஒவ்வொன்னும் 11 கிலோ வரும். கார் ஹிட்ச்ல மாட்டற ரேக் ஒன்னு ஏற்கனவே இருக்கு, அதுவே 20 கிலோ. ட்ரெய்லருக்கு பின்னாடி ஒரு சதுரக் குழாய் பம்பர் இருக்குல்ல, அதுல போல்ட் போட்டு இறுக்கற மாதிரி ஒரு பிராக்கெட் விக்கிறாங்க, அத வாங்கி நம்ம ரேக்க சொருகிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நான் நெனைக்கிறேன். மச்சான் பின்னாடி வேணாம், முன்னாடி ஏ-ஃப்ரேம் (ட்ரெய்லர் மூக்குல இருக்கற முக்கோண இரும்பு ஃப்ரேம்) மேல மாட்டுங்கறான். வீட்டுக்காரம்மா எதுக்கு வம்பு, கார் கூரை மேல கட்டிருங்கறாங்க. யாரு சொல்றது சரி?

நட்டுபோல்ட்டு:
சகோ, அந்த பம்பர்ல மட்டும் மாட்டிராதீங்க. பேருதான் பம்பர், பாதி ட்ரெய்லர்ல அது மெல்லிசான 4 இஞ்ச் சதுரக் குழாய், உள்ள கழிவுத்தண்ணி ஹோஸ சொருகி வெக்கறதுக்கு குடுத்தது. சேஸிஸ் முனையில ரெண்டு எடத்துல வெல்டு அடிச்சிருப்பாங்க, அவ்ளோதான் அதோட பலம். நிறுத்தி வெச்சிருக்கும்போது நீங்களே ஏறி நின்னு குதிச்சு பாப்பீங்க, ஒன்னும் ஆகாது. ஓடும்போதுதான் கதையே வேற. ஆக்சில்லருந்து அவ்ளோ தூரம் பின்னால இருக்கற எடம், சக்கரம் ஒரு குழில எறங்குனா அந்த வால் நுனி மேலயும் கீழயும் அடிக்கற அடி காருக்குள்ள இருக்கற நமக்கு தெரியவே தெரியாது, அதுவும் ரேக் வெளிய நீட்டிக்கிட்டு தொங்கறதால ஒவ்வொரு அடிக்கும் அந்த குழாய முறுக்கும், முறுக்கி முறுக்கி வெல்டு ஓரத்துல முடி மாதிரி ஒரு கீறல் விடும், அப்பறம் ஒரு நாள் மொத்தமா போயிரும். பம்பரோட சேந்து சைக்கிள் தரையில இழுபட்டு போறத ஹைவேல பாத்திருக்கேன், பின்னாடி வந்தவங்க எல்லாம் லைட் அடிச்சு ஹார்ன் அடிச்சப்பறம்தான் ஓட்டறவருக்கே விஷயம் தெரிஞ்சுது.

இன்னொன்னு, உங்க ரேக்கோட மேனுவல எடுத்து படிங்க. கார் ஹிட்சுக்குன்னு செஞ்ச ரேக் பலதுல ட்ரெய்லர் பின்னாடி மாட்டக்கூடாதுன்னு தெளிவா போட்டிருப்பாங்க, மீறி மாட்டுனா வாரண்டியும் கெடையாது. ட்ரெய்லருக்குன்னு அனுமதிச்ச ரேக் தனியா வருது.

ஊர்சுற்றி:
நட்டுபோல்ட்டு சொல்றது பம்பருக்கு சரி. அதுக்காக பின்னாடியே கூடாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் வருஷக்கணக்கா பின்னாடிதான் கொண்டு போறேன், ஆனா பம்பர்ல இல்ல, சேஸிஸோட ரெண்டு பக்க கம்பிக்கும் குறுக்க ஒரு கனமான ரிசீவர் (ரேக்க சொருகற குழாய்) வெல்டு பண்ணி வெச்சிருக்கேன், ட்ரெய்லர் சேஸிஸ் வேலை தெரிஞ்ச ஆள் செஞ்சது. சைக்கிள் ரெண்டே ரெண்டு, ரெண்டும் லேசானது. ரிசீவர்ல ஆட்டம் வராம இருக்க இறுக்குற போல்ட் கண்டிப்பா போடணும். அப்பறம் ட்ரெய்லரோட லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது, மறைஞ்சா தனியா லைட் போர்டு மாட்டணும், பல நாட்டுல இது சட்டமே.

கணக்குபுள்ள:
ரெண்டு பேரும் உடையுமா உடையாதான்னு பேசறீங்க. உடையலன்னாலும் பிரச்சனை இருக்குங்க, எடை எங்க உக்காருதுங்கறதுதான் அது.

ட்ரெய்லர் ஒரு சீசா மாதிரி, நடுவுல ஆக்சில். பால்லருந்து ஆக்சில் வரைக்கும் 4 மீட்டர், ஆக்சில்லருந்து ரேக் வரைக்கும் 3 மீட்டர்னு வெச்சுப்போம் (உங்களோடத டேப் வெச்சு அளந்துக்கோங்க). சைக்கிள் நாலும் 72, ரேக் 20, கிட்டத்தட்ட 90 கிலோ. அத பின்னாடி தொங்கவிட்டா பால் மேல இருக்கற எடை 90 × 3 ÷ 4, அதாவது 67 கிலோ கொறையும். 170 இருந்தது 103க்கு வந்துரும். மொத்த எடை இப்ப 1590, அதுல 103ங்கறது ஆறரை சதவீதம்கூட இல்ல. உங்களோடது மாதிரி அமெரிக்க ஸ்டைல் ட்ரெய்லருக்கு 10லருந்து 15 சதவீதம் இருக்கணும்பாங்க. ஐரோப்பிய கேரவன்கள்ல 5லருந்து 7ன்னு சொல்றாங்க, அது வேற டிசைன், அந்த நம்பர காட்டி மனச தேத்திக்காதீங்க. முன்பக்க எடை கொறைஞ்ச ட்ரெய்லர் வேகம் ஏற ஏற வாலாட்ட, அதாவது பின்பக்கம் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், பக்கத்துல ஒரு பெரிய லாரி கடந்து போற காத்தே போதும் அதுக்கு.

சரி, முன்னாடி இருக்கற பெட்டில கனமான சாமான வெச்சு சரிகட்டிக்கலாமான்னு கேப்பீங்க. பால் எடை சரியாகும், ஆனா ரெண்டு முனையிலயும் பாரம் வெச்ச ட்ரெய்லர் ஒரு தடவ ஆட ஆரம்பிச்சா சீக்கிரம் நிக்காது. பாரம் நடுவுல இருந்தாதான் ஆட்டம் தானா அடங்கும்.

மச்சான் சொன்ன ஏ-ஃப்ரேமுக்கும் அதே கணக்குதான், திசை மட்டும் மாறும். பால்லருந்து ஒரு மீட்டர் பின்னாடி மாட்டுனா 67 கிலோ கூடும், 170 இருந்தது 237 ஆயிரும், உங்க ஹிட்ச் லிமிட்டே 200தான். ஆக மச்சானும் அவுட்.

சக்கரக்காலன்:
கணக்குபுள்ள, தல சுத்துது ஆனா புரிஞ்சுது. 170ங்கறது ட்ரெய்லர் வாங்குனப்ப பேப்பர்ல போட்டிருந்தது, நான் எடை போட்டதில்ல. வீட்லயே எடை போட வழி இருக்கா? ஏ-ஃப்ரேம்ல பசங்க சைக்கிள் ரெண்ட மட்டும் மாட்டுனா?

கணக்குபுள்ள:
பேப்பர்ல இருக்கறது காலி ட்ரெய்லரோடதா இருக்கும், நம்பாதீங்க. நம்ம எடை பாக்கற பாத்ரூம் தராசு போதும். ஒரு உறுதியான பலகைய எடுத்து ஒரு முனைய கட்டை மேல, இன்னொரு முனைய தராசு மேல வைங்க. கட்டைலருந்து ஒரு அடி தள்ளி கப்ளர் (பால் மேல மாட்டற ட்ரெய்லர் முனை) உக்காரணும், மூணு அடி தள்ளி தராசு இருக்கணும். தராசு காட்டறத 3ஆல பெருக்குனா பால் எடை. பலகையோட எடைய முதல்லயே பாத்து கழிச்சிருங்க. சக்கரத்துக்கு கல்லு குடுத்து, பயணத்துக்கு ஏத்தற மாதிரியே எல்லா சாமானும் ஏத்தி, தண்ணி டேங்கையும் எப்பவும் ரொப்பற அளவுக்கு ரொப்பி, ட்ரெய்லர் மட்டமா இருக்கும்போது பாக்கணும். தண்ணி டேங்க் ஆக்சிலுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறதே பெரிய வித்தியாசம் காட்டும்.

மலைப்பாதை:
ஏ-ஃப்ரேம் நான் வெச்சிருக்கேன். எடைய விட திருப்பம்தான் அதுல தலைவலி. நேரா ஓடும்போது எடம் நெறைய இருக்கற மாதிரி தெரியும், ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா சைக்கிளோட ஹேண்டில்பார் நேரா காரோட பின்கண்ணாடிக்கு வரும். காலி மைதானத்துல ஒருத்தர வெளிய நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் மெதுவா ஒடிச்சு பாத்துட்டுதான் ரோட்டுக்கு எடுக்கணும். டிக்கி கதவு தெறக்குதா, கேஸ் சிலிண்டர் மூடி தெறக்குதா, ஜாக் கைப்பிடி சுத்துதான்னும் பாத்துக்கோங்க. காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல எக்ஸ்டென்ஷன் போட்டு எடம் உண்டாக்கலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, ஹிட்ச நீட்டுனா அதோட தாங்கும் அளவு கொறைஞ்சிரும், பலதுல பாதிதான் மிச்சம்.

பெடல்மணி:
சைக்கிள் கடைப் பக்கத்துலருந்து நான் ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன், எல்லாரும் ட்ரெய்லரையே பேசறீங்க. எலக்ட்ரிக் சைக்கிள்ல பேட்டரிய கழட்டி கார்குள்ள வைங்க, மூணு கிலோ வரைக்கும் கொறையும், மழைத்தண்ணியும் அதுல படாது. ரேக்ல மொத்தம் எவ்ளோ தாங்கும்னு மட்டும் பாக்காம ஒரு சைக்கிளுக்கு எவ்ளோன்னும் பாருங்க, பழைய ரேக் பலது 15, 16 கிலோவோட நின்னுரும், உங்க 25 கிலோவுக்கு அது ஆகாது. சைக்கிள ஃப்ரேம புடிச்சு தொங்கவிடற ரேக்க விட, சக்கரம் தட்டுல உக்கார்ற ரேக்தான் குலுங்கற எடத்துக்கு நல்லது. கார்பன் ஃப்ரேம்னா ஃப்ரேம புடிக்கிற கிளாம்ப் வேணவே வேணாம். எலாஸ்டிக் கயிறு கொக்கி போட்டு கட்டறத பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும், அது இழுபடும், குழில கழண்டுக்கும், நல்ல ஸ்ட்ராப் போடுங்க, தொங்கற மிச்ச முனைய முடிச்சு போட்டு வைங்க. தண்ணி பாட்டில், காத்தடிக்கிற பம்ப், கொழந்தை சீட்டு எல்லாத்தையும் கழட்டிருங்க. மழைக்கும் தூசிக்கும் கவர் போடலாம்னு தோணும், போடாதீங்க, காத்துல பாய்மரத் துணி மாதிரி உப்பி ரேக்கையே இழுக்கும், ரேக் கம்பெனிங்க பலதும் கவர் கூடாதுன்னே சொல்றாங்க.

கூரை மேல போடறதா இருந்தா காரோட மேனுவல்ல கூரை லிமிட் பாருங்க, பல கார்ல 75 கிலோ, அதுல ரேக்கோட எடையும் சேத்தி.

நட்டுபோல்ட்டு:
நாம ஏன் எல்லாத்தையும் ஒரே எடத்துல ஏத்த பாக்கறோம்? கனமான ரெண்டையும் ட்ரெய்லர் உள்ள, ஆக்சிலுக்கு மேல தரையில வெச்சா கணக்குபுள்ளயோட கணக்குல பால் எடை மாறவே மாறாது. பழைய போர்வைய விரிச்சு, முன்சக்கரத்த கழட்டி படுக்க வெக்கலாம், செயின் பக்கம் மேல இருக்கட்டும். ஆனா கட்டாம விட்றாதீங்க, பிரேக் புடிச்சா 25 கிலோ இரும்பு ஸ்லைட் ஆகி அலமாரிய ஒடைக்கும். தரையில கொளுக்கி இல்லன்னா அடில இருக்கற இரும்பு குறுக்குக்கம்பிய தேடி அதுல போடுங்க, வெறும் பிளைவுட்ல ஸ்க்ரூ போட்டா பிடுங்கிக்கும். அப்பறம் இந்த 50 கிலோவும் ட்ரெய்லரோட மொத்த லிமிட்டுக்குள்ள, டயர் லிமிட்டுக்குள்ள வருதான்னு பாத்துக்கோங்க.

சக்கரக்காலன்:
தராசு பலகை எல்லாம் வெச்சு பாத்தாச்சு. சாமான் ஏத்தி, தண்ணி பாதி ரொப்பி, பால் எடை 186 வருது. பேப்பர்ல இருந்தத விட 16 கூட, இதோட ஏ-ஃப்ரேம்ல பசங்க சைக்கிளும் ஒரு ரேக்கும் போட்டா 200 தாண்டிரும், அதனால மச்சான்கிட்ட சொல்லிட்டேன். எலக்ட்ரிக் ரெண்டும் உள்ள, டைனிங் மேசைக்கும் கதவுக்கும் நடுவுல, அது கிட்டத்தட்ட ஆக்சில் மேலதான் வருது. பசங்களோடது ரெண்டும் கார் கூரைல, மேனுவல்ல 75 கிலோன்னுதான் இருக்கு, சைக்கிள் 22 கிலோ கூட ரேக் சேத்தாலும் பாதிய தாண்டாது. வீட்டுக்காரம்மா ஜெயிச்சதா பேசிக்கறாங்க, பாதி ஜெயிச்சாங்கன்னு வேணா வெச்சுக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி, கூரைல சைக்கிள் இருக்கும்போது கார் உயரம் எவ்ளோன்னு எப்பவும் மறந்துருமே, என்ன செய்றீங்க?

ஊர்சுற்றி:
ஹேண்டில்பார் உச்சி வரைக்கும் தரையிலருந்து டேப் புடிச்சு அளந்து, பெருசா எழுதி டேஷ்போர்டுல ஒட்டுங்க. ட்ரெய்லரோட ஏசி உச்சியையும் அளங்க, எது கூடவோ அத எழுதுங்க, பெரும்பாலும் ட்ரெய்லர்தான் ஒசரமா இருக்கும். ஆனா ட்ரெய்லர கழட்டி வெச்சிட்டு கார் மட்டும் எடுத்துட்டு கடைக்கு போவீங்க பாருங்க, அப்பதான் பார்க்கிங் கூரைல சைக்கிள் மாட்டும். ட்ரெய்லர கழட்டுன உடனே சைக்கிளயும் எறக்கிருங்க.

அப்பறம் கெளம்பி 20 கிலோமீட்டர்ல ஒரு தடவ ஓரங்கட்டி ஸ்ட்ராப் எல்லாத்தையும் கையால ஆட்டி பாருங்க, முதல்ல கொஞ்ச தூரத்துலதான் இளகும். அதுக்கப்பறம் டீ குடிக்க நிக்கும்போதெல்லாம் பாத்தா போதும்.

கணக்குபுள்ள:
186 ÷ 1550, கரெக்டா 12 சதவீதம். தாராளமா போயிட்டு வாங்க. எப்பவாவது வாலாட்டுனா கால் பிரேக்க மிதிக்காதீங்க, ஸ்டியரிங்க நேரா புடிச்சு ஆக்சிலரேட்டர்லருந்து கால எடுங்க, ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் (கார்குள்ளருந்து ட்ரெய்லர் பிரேக்க மட்டும் புடிக்கிற கருவி) இருந்தா அத மட்டும் கையால லேசா அழுத்துங்க.

சக்கரக்காலன்:
கண்ட்ரோலர் இருக்கு, ஆனா கையால அழுத்தி பாத்ததில்ல. நாளைக்கு காலி ரோட்ல மெதுவா போய் அழுத்தி பழகிக்கறேன்.