தோழிகளோடு தென் அமெரிக்கா: சும்மா இருக்கப் போனவர்கள் சொல்லுங்கள்

முகப்புக்காரி, காரைக்குடி

பெரு போகலாம் என்று இருக்கிறோம். கல்லூரிக் கூட்டாளிகள் மட்டும். வீட்டுக்காரர், பிள்ளை குட்டி யாரும் கிடையாது. மகள் பேறுகாலத்துக்குப் போனபோது எடுத்த அமெரிக்க விசா எல்லாரிடமும் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் இருக்கிறது, அதனால் பெருவுக்குத் தனி விசா வேண்டாம். அதெல்லாம் விடுங்கள், உங்களுக்குத் தெரியாததா? எனக்கு உறுத்துவது வேறு.

டிராவல்ஸ்காரத் தம்பி வீட்டுக்கே வந்திருந்தார். முகப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு, டிட்டிகாகா ஏரி, அங்கிருந்து பொலிவியா, உயுனி உப்புவெளி என்று மளமளவென ஓட்டிக்கொண்டே போகிறார். தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிடுகிறார். "நடுவுல ரெண்டு நாள் காலியா விடுங்க தம்பி" என்றேன். கட்டத்தில் 'ஓய்வு' என்று அடித்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அழித்துவிட்டு 'ஷாப்பிங்' என்று போட்டார். ஷாப்பிங்கும் வேண்டாம் என்றேன்.

"சும்மா உட்கார்றதுக்கா ஆச்சி இம்புட்டுச் செலவு பண்றீக? அதுக்கு இந்த முகப்பே போதுமே."

என் கூட்டாளிகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் இன்னும் உள்ளே கிடக்கிறது. இந்த முகப்பில் நான் சும்மா உட்கார்ந்து யார் பார்த்தது? அவர் குடித்துக்கொண்டிருந்த காபியைப் போட்டதே நான்தான்.

போய் வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். யோசனை வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

கோட்டையூர் ஆச்சி

உங்களுக்கு 'ஓய்வு' என்று போட மனசு வராத ஆள் கிடைத்தார். எங்களுக்கு நேர்மாறான ஒரு அம்மா கிடைத்தார்.

லிமா கடற்கரை ஊர். காலையில் அங்கே விமானம் ஏறி, ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்கியாச்சு. அது 3,400 மீட்டர் உயரம், காற்றில் ஆக்சிஜன் குறைவு. ஏர்போர்ட்டில் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம். தங்குமிடம் பழைய ஸ்பானியக் காலத்து வீடு, நம்ம வளவு மாதிரியே நடுவில் முற்றம், சுற்றிலும் தூண். மாடிப்படியில் பாதி ஏறியதும் எங்களில் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நிறமே மாறிவிட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மா பதறவில்லை. அவளை முற்றத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைத்து, வெந்நீரில் கொக்கா இலை போட்டுக் கையில் கொடுத்தார். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தார். பிறகு சின்ன சிலிண்டர் ஒன்று வந்தது. அதெல்லாம் அவருக்குத் தினப்படி வேலை போலிருக்கிறது. அது முடிந்ததும் மேசைமேல் கிடந்த எங்கள் பயணத்தாளை எடுத்தார். மறுநாள் வினிகுங்கா, அந்த வானவில் மலை. 5,000 மீட்டருக்கு மேல். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனாவை எடுத்தார், குறுக்கே ஒரே கோடு. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த விருந்தாளியைக் கவனிக்கப் போய்விட்டார்.

பணம் கட்டியாச்சே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் இந்த அம்மா, எங்கள் நாளை அடிப்பதற்கு? மறுநாள் முழுக்க முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு பேசிக்கொண்டே கிடந்தோம். ஊருக்குத் திரும்பிய பிறகு எல்லாரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் கோடு இன்னும் ஆறவில்லை.

உங்கள் டிராவல்ஸ்காரரிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். குஸ்கோவைவிட மச்சு பிச்சு தாழ்வு, 2,430 மீட்டர்தான். ஒய்யாந்தைதம்போ பக்கப் பள்ளத்தாக்கு 2,800 போல வரும். வந்ததும் நேரே பள்ளத்தாக்குக்கு இறங்கித் தங்கிவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும்.

கண்டனூர் மாப்பிள்ளை

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன். என் மனைவி தன் தோழிகளோடு பிரேசில் போய் வந்தாள். திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்டிருக்கிறார்கள். கூட வந்த ஒருத்தர் அதைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டார். அந்தப் பெட்டி உள்ளே பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவர்கள் இந்தப் பக்கம். நான் வெளியே மாலையும் கையுமாக நின்றேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், கிளம்புகிற வாரத்தில் போய் நின்றால் ஆகாது. 2016-லிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்று இல்லாமல் பிரேசில், பெரு மாதிரி மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து வந்தால் இங்கே 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். அப்புறம், இந்தியாவிலிருந்து தென் அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோகா வழியாகப் போனால் பிரேசிலின் சாவ் பாவ்லோ வரை நிம்மதி. அமெரிக்கா வழியாகப் போனால் வெறுமனே விமானம் மாறுவதற்கும் அந்த நாட்டு விசா வேண்டும். உங்களிடம் இருக்கிறது, சரி, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமே. தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், பைக்கில் வந்து பிடுங்கிப் போய்விடுவார்கள். தாலிச்செயினை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள், கழற்றக்கூடாது என்றால் மஞ்சள் கயிறு போதும். தினம் இரவு வீட்டுக்கு லொகேஷன் அனுப்புங்கள். பெரு நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால், அங்கே ராத்திரி என்றால் இங்கே காலை, எடுத்துவிடுவோம். முக்கியமாக, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, பொன்னி அரிசி, பருப்புப் பொடி. பெண்கள் வெளிச்சாப்பாட்டை நம்பிப் போகக்கூடாது.

புதுவயல் வரமிளகாய்

மாப்பிள்ளை, யோசனை வேண்டாம் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. குக்கர் கதையைக் கேளுங்கள். நாங்களும் தூக்கிக்கொண்டு போனோம். ரியோவில் மின்சாரம் 127 வோல்ட். நம்ம குக்கரில் விளக்கு மினுக்கென்று எரிகிறது, சூடு ஏற மாட்டேன் என்கிறது. பெருவில் 220, அங்கே சூடாகும். ஆனால் குஸ்கோ உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், அரிசி வேகாது. விதை விதையாகச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சமைக்காமல் இருக்கத்தானே போகிறார்கள், அங்கேயும் உலை வைக்கச் சொல்கிறீர்களே.

என் கதை குஸ்கோவின் சான் பெத்ரோ சந்தையில். உருளைக்கிழங்கே கருப்பு, ஊதா, முடிச்சு முடிச்சாக ஒரு வரிசை முழுக்க. உருளையும் மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவை என்று படித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் சொந்தம் கொண்டாடிக்கொண்டேதான் நடந்தேன். ஒரு கடையில் தக்காளி மாதிரி சிவப்பாக, உருண்டையாக ஒரு காய். எடுத்தேன். கடைக்கார அம்மா விரலை ஆட்டி வேண்டாம் என்றார். ஒன்றை அறுத்துக் காட்டினார், உள்ளே கருப்பு விதை. ரொகோட்டோ, அவர்கள் ஊர் மிளகாய்.

நான் செட்டிநாட்டுக்காரி, எனக்கு மிளகாயா? கடித்துவிட்டேன்.

முதல் நொடி ஒன்றுமில்லை, பழ வாசனைதான். பிறகு காதுக்குள் போனது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன், துப்பவில்லை. அந்த அம்மா பக்கத்துக் கடைக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். ஐந்தாறு பேர் தொப்பியும் பின்னலுமாக என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி சீஸ் துண்டு ஒன்றை என் வாயிலேயே வைத்தாள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. என் நெற்றிக் குங்குமத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். பதில் சொல்ல நாக்கு இல்லை. என்ன கேட்டாள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பள்ளத்தூர் பழைய மாணவி

எல்லாரும் சும்மா இருப்பதைப் புகழ்வதால் நான் டிராவல்ஸ்காரர் பக்கம் பேசுகிறேன். அவர் கேட்டதில் என்ன தப்பு? விமானத்தில் மட்டும் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து போகிறோம், இன்னொரு தடவை யார் விடப்போகிறார்கள்? பார்க்காமல் விட்டதுதான் மனசை அரிக்கும்.

இகுவாசு அருவிக்குப் போனோம். அர்ஜென்டினா பக்கம். ஆற்றின்மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாலம், முடிவில் அந்தப் 'பிசாசின் தொண்டை'. தண்ணீர் கீழே விழுவது தெரியாது, வெள்ளைப் புகைதான் மேலே வருகிறது. பேசினால் கேட்காது. சேலை, தலை எல்லாம் நனைந்து நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். என் சிநேகிதி தோளைத் தட்டினாள். காதுக்குள் கத்தினாள்: "அங்க பாருடி, எதிர்ப் பக்கம் ஆளுக நிக்கிறாக."

அது பிரேசில். பிரேசில் விசா நாங்கள் எடுக்கவில்லை. முழு அருவியும் ஒரே பார்வையில் தெரிவது அந்தப் பக்கத்திலிருந்துதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து அவள் அருவியைப் பார்க்கவே இல்லை, அந்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதும் அதே பேச்சு. பியூனஸ் அயர்ஸில் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஊரே சாப்பிட உட்காருகிறது, அங்கேயும் அதே பேச்சு. அருவி என்றாலே இப்போது எனக்கு அவள் முதுகுதான் ஞாபகம் வருகிறது. ஆகவே ஆச்சி, போகிற இடத்தை முழுதாகப் பாருங்கள்.

கோட்டையூர் ஆச்சி

பழைய மாணவி, உங்கள் கதை உங்கள் கட்சிக்கே எதிராக இருக்கிறதே. கண்முன்னால் அருவி விழும்போது எதிர்க்கரையைப் பார்த்தது யார்?

தேவகோட்டை மேலவீடு

மாப்பிள்ளை சொன்ன ஊசி விஷயத்தில் பாதியை விட்டுவிட்டார். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட மாட்டார்கள். 60 வயது தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் பேசாமல் முடிவு செய்யக்கூடாது.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஓர் ஆச்சி, அறுபதைத் தாண்டியவர், ஏற்கெனவே பல மாத்திரை சாப்பிடுகிறவர். சென்னையில் ஊசி போடும் இடத்துக்கு எல்லாரும் சேர்ந்து போனோம். மருத்துவர் சின்ன வயசுப் பெண். ஆச்சியின் மருந்துச்சீட்டைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "அவசியம் போகணுமாம்மா?" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்தவர், மாமனார் மலாயாவில். வீட்டு ஆண்கள் கப்பல் ஏறிய கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம், அவர் மட்டும் எங்கும் போனதில்லை.

"அவசியம்னு ஒண்ணும் இல்ல டாக்டர். ஆசைதான்."

அந்தப் பெண் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, ஊசி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் சிலியும் உருகுவேயும் இல்லை என்று அவரே எடுத்துச் சொன்னார். பெருவை அன்றைக்கே விட்டோம். வழியில் பிரேசிலைத் தொடக்கூடாது என்று பாரிஸ் வழியாகச் சான்டியாகோ போனோம். அங்கிருந்து வால்பரைசோ, கடலைப் பார்த்த குன்றுகள், கலர் கலராகத் தகர வீடுகள். குன்றின்மேல் ஏற்றிவிட இழுவைப் பெட்டி இருக்கிறது, அதில் பழையது 1883-ல் போட்டது. ஆச்சி அதில் ஏறினார், மேலே போனதும் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தார், மறுபடி ஏறினார். பிற்பகல் முழுக்க அதேதான். நாங்கள் கீழே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு கையாட்டினோம். அதற்கு எந்த டிராவல்ஸ்காரர் கட்டம் போடுவார்?

ஆத்தங்குடி கல்

மச்சு பிச்சு போகிறவர்கள் இதைப் படியுங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், நேரமும் நடக்கிற வழியும் அதிலேயே குறித்திருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே? முன்பதிவுப் படிவம் காலியாக விட ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இரண்டு இடத்திலும் என் பெயரையே போட்டிருந்தார்கள். வாசலில் இருந்த பையன் டிக்கெட்டைப் பார்க்கிறான், பாஸ்போர்ட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். பின்னால் பஸ்ஸில் வந்த கூட்டம். கூட்டாளிகள் உள்ளே போய்விட்டார்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். பெரிய அதிகாரி ஒரு அம்மா வந்தார். அவர்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. என்னிடம் ஒன்றுகூட இல்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

எனக்குத் திடீரென்று தோன்றி, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அப்பச்சி பெயர், ஆத்தா பெயர். அந்த அம்மா விரல் வைத்து இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். ஆத்தா பெயரை இரண்டு தரம் படித்தார், உச்சரிப்பு வரவில்லை. பிறகு தலையாட்டி உள்ளே விட்டார். என் ஆத்தா காரைக்குடி தாண்டி மதுரைக்கே நாலு தடவைதான் போயிருப்பாள். அவள் பெயரைச் சொல்லி நான் அங்கே நுழைந்தேன். பார்த்த கல்கோட்டையைவிட அதுதான் கூடவே வருகிறது.

முகப்புக்காரி, காரைக்குடி

எல்லாவற்றையும் சத்தம் போட்டு என் கூட்டாளிகளுக்குப் படித்துக் காட்டினேன். குஸ்கோ கடைசிக்குப் போயாச்சு. பொலிவியாவை வெட்டியாச்சு, ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், சரியாகிவிடுவாள். டிராவல்ஸ் தம்பி புதுத் தாள் அனுப்பியிருக்கிறார், அதில் காலி நாளுக்கு 'சுயவிருப்ப நேரம்' என்று எழுதியிருக்கிறார். ஓய்வு என்று எழுத மட்டும் கை வரவில்லை பாருங்கள்.

தேவகோட்டை மேலவீடு, ஒரு சந்தேகம். மணகோலமும் சீப்புச் சீடையும் டப்பாவில் எடுத்துப் போகலாமா, பிடுங்கிவிடுவார்களா?

தேவகோட்டை மேலவீடு

சிலியில் தின்பண்டம், விதை, பழம் எதுவானாலும் இறங்கியதும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால் அபராதம். எழுதிவிட்டோம். டப்பாவைத் திறந்து பார்த்தார்கள், முகர்ந்தார்கள், சீடையை விட்டுவிட்டார்கள். ஆச்சி மடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெரு எப்படி என்று கண்டனூர் மாப்பிள்ளையைக் கேளுங்கள், சொல்லத்தான் காத்திருப்பார்.