மீடியா சர்வர்: பழைய டெஸ்க்டாப்பா, மினி பிசியா?

புதுவிசை:
ஜெல்லிஃபின் (சர்வரில் இருக்கிற படத்தை வீட்டிலுள்ள மத்த சாதனங்களுக்கு அனுப்பற சாஃப்ட்வேர்) போட்டு டிவியிலும் மொபைலிலும் படம் பார்க்கணும். 8ஆம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே சர்வர் ஆக்கலாமா, இன்டெல் என்100 சிப் வெச்ச மினி பிசி வாங்கலாமா? ஓஎஸ் ட்ரூநாஸா (சேமிப்பு சர்வருக்குன்னே இருக்கிறது), டெபியனா (பொதுவான லினக்ஸ்)? டிஸ்க் மூணு இருக்கு: 4, 8, 12 டிபி.

தறிநூல்:
மினி பிசிதான். சர்வர் 24 மணி நேரமும் ஓடப்போறது. 20 வாட் கூடுதலா இழுத்தாலே வருஷத்துக்கு 175 யூனிட். என்100 சிப்போட டிடிபியே (சிப் வெளியிடற வெப்பத்துக்கான கணக்கு) 6 வாட்தான். ஏவி1ங்கிற புது வீடியோ ஃபார்மட்டைப் பிரிச்சுக் காட்டற (டிகோட்) வசதியும் சிப்லயே உண்டு, உங்க 8ஆம் தலைமுறையில் அது கிடையாது.

குறுவட்டு:
அந்தக் குட்டிப் பெட்டியில் மூணு டிஸ்கை எங்கே மாட்டுவார் தறிநூல்? பெரும்பாலான மினி பிசியில் 3.5 அங்குல டிஸ்குக்கு இடமே இல்ல, யூஎஸ்பியில்தான் தொங்கணும். கேபிள் லேசா அசைஞ்சாலே டிஸ்க் கழண்டு போற ஏற்பாட்டை நம்பி 24 டிபியை வைக்க மாட்டேன். டெஸ்க்டாப்பில் டிஸ்கை உள்ளேயே நேரா இணைக்கிற சாட்டா போர்ட் இருக்கு. டிவிக்கே அந்த ஃபார்மட் தெரிஞ்சா ஃபைல் அப்படியே போகும், டிரான்ஸ்கோட் (வேற ஃபார்மட்டுக்கு மாத்தற) வேலையே இல்ல.

தறிநூல்:
சப்டைட்டிலை மறந்துட்டீங்க. ப்ளூரேல வர்ற பிஜிஎஸ் வகை சப்டைட்டில் எழுத்தா இருக்காது, படமா இருக்கும். அதைக் காட்டத் தெரியாத டிவின்னா சர்வர்தான் வீடியோ மேல பதிச்சு, முழுசையும் திரும்ப என்கோட் பண்ணணும். 4கே படத்தில் இதை சிபியு தலையில் கட்டினா திக்கித் திக்கித்தான் ஓடும்.

குறுவட்டு:
சிபியு எதுக்கு? 8ஆம் தலைமுறை சிப்ல இருக்கிற குயிக்சிங்க் (வீடியோ மாத்தறதுக்கான தனிப் பகுதி) 10 பிட் ஹெச்இவிசி (4கே படங்களில் வழக்கமா வர்ற ஃபார்மட்) வரைக்கும் பார்த்துக்கும். டெபியன்ல ஜெல்லிஃபின் யூசரை ரெண்டர் குரூப்பில் (கிராபிக்ஸைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு) சேர்க்கணும், பலர் கோட்டை விடறது இங்கேதான். படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைப் பாருங்க. டிரான்ஸ்கோட் நடந்தா காரணத்தோட காட்டும்.

அடுக்குத்திரை:
ஓஎஸ்ஸை டிஸ்க்தான் முடிவு பண்ணணும். ட்ரூநாஸ்ல இருக்கிறது இசட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம். மூணையும் ரெய்டு-இசட்1ல (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற ரெய்டு வகை) போட்டா எல்லா டிஸ்கையும் 4 டிபியாத்தான் எண்ணும், ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, கையில் நிக்கிறது 8 டிபி. டெபியன்ல மெர்ஜர்எஃப்எஸ் (பல டிஸ்கை ஒண்ணாக் காட்டறது), ஸ்னாப்ரெய்டு (போன டிஸ்கை மீட்க உதவறது) வெச்சு 12 டிபி டிஸ்கைப் பாரிட்டிக்கு (மீட்புக்கான தகவலுக்கு) விட்டா மிச்சம் 12 டிபியும் உங்களுக்கு.

தறிநூல்:
ஸ்னாப்ரெய்டுல கடைசி சிங்க்குக்கு (பாரிட்டியைப் புதுப்பிக்கிறது) அப்புறம் ஏத்தின ஃபைலுக்குப் பாதுகாப்பே இல்லைன்னும் சொல்லுங்க.

அடுக்குத்திரை:
உண்மைதான். மாறாம கிடக்கிற படங்களுக்கு அது போதும். குடும்ப போட்டோவை மட்டும் இதை நம்பி வைக்காதீங்க, அதுக்கு வேறொரு இடத்தில் தனி பேக்கப் வேணும். ரெய்டு எந்த வகையா இருந்தாலும் பேக்கப் ஆகாது.

புதுவிசை:
அப்ப டெஸ்க்டாப், டெபியன்.

தறிநூல்:
அதுக்கு முன்னாடி பிளக்ல வாட் மீட்டர் மாட்டி, சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. பழைய கிராபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டிடுங்க. அப்பவும் 40 வாட்டுக்கு மேல காட்டினா மினி பிசி பக்கம் வாங்க.