மறு: ‘பலாஸ்ற்’ – ரியூப் லைற் வரிப்படத்துக்கு ஒரு சொல்

எல்லாருக்கும் வணக்கம்.

பழைய ரியூப் லைற் பொருத்திகளைப் புதுப்பிப்போருக்கான வரிப்படத்தில் ஒரு பெட்டி இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது. ஸ்ராட்டருக்குத் ‘தொடக்கி’, கப்பாசிற்றருக்குப் பாடப்புத்தகத்துக் ‘கொள்ளளவி’. இரண்டிலும் சண்டை இல்லை. ரியூபில் ஓடும் மின்னோட்டத்தை அளவில் வைக்கும் பலாஸ்ற்றுக்குத்தான் சொல் வேண்டும். ‘சோக்’ என்றே விடலாமே என்பீர்கள். கம்பிச்சுருளான சோக் அதில் ஒரு வகை மட்டும். இலத்திரனியல் பலாஸ்ற்றின் மேல் சோக் என்று எழுதினால், படிப்பவர் மீற்றரில் சுருளின் 30 ஓம் தடையைத் தேடிக்கொண்டிருப்பார். அதே ஆங்கிலச் சொல்லுக்குக் கப்பலில் வழங்கும் ‘அடிப்பாரம்’ இங்கே ஒத்துவராது.

என் முன்மொழிவு: ஓட்டமட்டி. மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது.

– வெள்ளவத்தை

தம்பி, மட்டி என்றால் எங்களுக்குச் சிப்பி, இல்லாவிட்டால் மடையன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் “ஓட்டமட்டி இருக்கா” என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

செய்யும் வேலையிலிருந்து பெயரைப் பிடிப்போம். ரியூப் பற்றிக்கொண்ட பிறகு, ஓட்டம் கூடக்கூட அதன் இரு முனைக்கும் இடையிலான வோல்ற்றளவு இறங்கும். நேரே 230 வோல்ற்றைக் கொடுத்தால் ஓட்டம் ஏறிக்கொண்டே போய் ரியூபின் முனையிலுள்ள இழை அறும். 4 அடி, 40 வாற் ரியூபுக்கு வேண்டியது 100 வோல்ற்றுக்குச் சற்று மேல், 0.43 அம்பியர். மிச்ச வோல்ற்றைத் தான் ஏற்று, ஓட்டத்தை அந்த அளவில் பிடித்து வைப்பதுதான் பலாஸ்ற். மாட்டின் முன்கால்களில் கட்டும் தளையும் அப்படித்தான்: நடக்க விடும், ஓட விடாது. ஓட்டத்தளை என்போம்.

அதன்கீழ் வகைகளும் சுலபமாக வரும். சோக்குக்குச் சுருள்தளை. மற்றது இலத்திரனியல் தளை. இழைக்குமிழைத் தொடரில் வைத்து ஓட்டத்தைக் குறைத்த பொருத்திகளும் உண்டே, அவற்றுக்குக் குமிழ்த்தளை.

– கொட்டாஞ்சேனை

அண்ணை, சொல் அழகுதான், ஆனால் பாதி வேலையைச் சொல்லாமல் விடுகிறது. தொடக்கிக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு ஆறி விலகும் கணத்தில் சோக் பல நூறு வோல்ற்றாக ஓர் உதை கொடுக்கும். ரியூப் பற்றுவதே அதில்தான். தளை எங்கே உதைக்கும்?

பழுது பார்ப்பவருக்கு இந்தப் பாதிதான் முக்கியம். இரு முனையும் செம்மஞ்சளாக எரிந்து நடு இருண்டே இருந்தால் தொடக்கியைச் சுற்றிக் கழற்றச் சொல்கிறோம். கழற்றும்போதே ரியூப் பற்றினால் சோக்கும் ரியூபும் நலம். தொடக்கியில் தொடுகை ஒட்டியிருக்கும், அல்லது உள்ளிருக்கும் சிறு கொள்ளளவி குறுக்குச்சுற்றாகியிருக்கும்.

– தெஹிவளை

உதைப்பது சுருள். குமிழ்த்தளை தனியே நின்றால் உதைக்காது, ஆனாலும் ஓட்டத்தைப் பிடிக்கும். எல்லா வகைக்கும் பொதுவான வேலைக்கே பெயர் வைப்போம். உதையைச் சுருள்தளையின் விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

இந்தப் பெயரால் இன்னொரு குழப்பமும் தீரும். இரட்டை ரியூப் பொருத்திகள் சிலவற்றில் ஒரு ரியூபுக்குச் சோக் மட்டும். மற்றதில் சோக்கோடு தொடரில் ஒரு கொள்ளளவி. இரண்டு ரியூபும் ஒரே கணத்தில் மங்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கொள்ளளவி தளையின் ஒரு பாகம். வழங்கலுக்குக் குறுக்கே, சமாந்தரமாக நிற்கும் 4 மைக்ரோபரட் கொள்ளளவி தளை அல்ல. அது வலுக்காரணியைத் திருத்த, அதாவது வழங்கலிலிருந்து வீணாக இழுக்கும் ஓட்டத்தைக் குறைக்க மட்டும். அதைக் கழற்றினாலும் விளக்கு எரியும்.

பார்வைக்கு இரண்டும் ஒரே தகரக் குவளை. தொடரில் நிற்பது சுமார் 3.5 மைக்ரோபரட், 450 வோல்ற் தாங்குவது. 0.43 அம்பியர் ஓடும்போது அதன் குறுக்கே 390 வோல்ற் அளவில் நிற்கும். கையில் இருக்கிறதென்று 250 வோல்ற் கொள்ளளவியை அங்கே போட்டால் நிலைக்காது. வரிப்படத்தில் தளையைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, தொடர்க் கொள்ளளவியை அதற்குள்ளும் மற்றதை வெளியேயும் காட்டுங்கள்.

எண்ணெய் கசியும் பழைய குவளைகளில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் இருக்கலாம். திறக்க வேண்டாம், கையுறையோடு கழற்றி ஒதுக்கிவிட்டுப் புதியது போடச் சொல்லுங்கள்.

– கொட்டாஞ்சேனை

சரி, உதை தனி வரியில் வருமென்றால் எனக்கும் ஓட்டத்தளை சம்மதம். தளையின் மேல் வாற்றோடு அம்பியரையும் எழுத வேண்டும். பழைய பிரித்தானியப் பொருத்திகளின் 5 அடி, 80 வாற் தளை 0.87 அம்பியருக்குச் சுற்றியது. பின்னர் வந்த 5 அடி, 58 வாற் ரியூபுக்கு 0.67தான். நீளம் ஒன்றென்று மாட்டினால் பிரகாசமாக எரியும், முனை சீக்கிரம் கறுக்கும். 4 அடியில் இந்தத் தொல்லை குறைவு: 40 வாற் தளையில் 36 வாற் மெல்லிய ரியூப் ஓடும்.

– தெஹிவளை

அப்படியே ஆகட்டும். ஓட்டம் + தளை, மகரம் கெட்டு ஒற்று மிகும்: ஓட்டத்தளை.

சோதனைப் பத்தியை இப்படி மாற்றுகிறேன்: “சுருள்தளையின் இரு முனைகளையும் கழற்றி, சுருளுக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ற் மெகரால் (மின்காப்பை அளக்கும் மீற்றர்) பார்க்கவும். 1 மெகா ஓமுக்குக் கீழ் என்றால் மின் கொடுக்க வேண்டாம். தேறினால், முதல் முறை 100 வாற் இழைக்குமிழைத் தொடரில் வைத்து மின் கொடுக்கவும்; வழங்கலுக்குக் குறுக்கே குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் எரியும், வேறொன்றும் கருகாது.” உப்புக்காற்றில் கிடந்த பொருத்திகளில் தளையின் திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். இரைச்சலுக்கும் புவித்தொடுப்பு விட்டுப்போவதற்கும் அதுவே காரணமாகலாம் என்று ஓரக்குறிப்பும் சேர்க்கிறேன்.

குமிழ்த்தளைக்கு மட்டும் இன்னும் படம் இல்லை. யாரிடமாவது அப்படிப் பொருத்தி இருந்தால் இணைப்பை வரைந்து அனுப்புங்கள்.

– வெள்ளவத்தை