குழந்தை உள்ளவர்களுக்கு நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? சுமை யார் தலையில்?

ஈரிழை:
எங்கள் அலுவலகத்தில் பணிச்சோர்வு பற்றி ஒரு பயிலரங்கம் வைத்தார்கள். நேரம், மாலை 6 மணி. குழந்தைக் காப்பகம் மூடுவதும் அதே 6 மணிக்குத்தான். சின்னக் குழந்தை உள்ளவர்கள் ஒருவரும் போகவில்லை. அப்புறம் "ஆர்வம் போதவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வேறு! உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தப் பணிச்சோர்வை (பர்ன்அவுட்) நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. அப்படியானால் வேலையை மாற்றாமல் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

சிறுபட்டறை:
பேச நன்றாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பதே பத்துப் பேர். ஒருவர் ஆறு மாதம் மகப்பேறு விடுப்பில் போனால் சம்பளமும் தர வேண்டும், வேலையும் நிற்கும். பெரிய நிறுவனம் தாங்கும், நான் எப்படித் தாங்குவது?

தனிமரம்:
எனக்குக் குழந்தை இல்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று ஒருவர் கிளம்பினால் மிச்ச வேலை என் மேசைக்கு வருகிறது. பண்டிகை நாளில் ஆள் வேண்டுமென்றால், "உங்களுக்குத்தான் பொறுப்பு எதுவும் இல்லையே" என்கிறார்கள். படுக்கையில் இருக்கும் அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அது கணக்கில் வராதா?

ஈரிழை:
தனிமரம், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அதைக் காட்ட வேண்டியது, மாற்று ஆள் போடாமல் வேலையைப் பங்கு போட்ட மேலாளரிடம்.

சிறுபட்டறை, சம்பளத்தை நீங்கள் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கையே, குறைந்தது 14 வாரம் விடுப்பு தர வேண்டும், அந்தச் செலவைப் பொதுவாகச் சமூகக் காப்பீடோ அரசு நிதியோ ஏற்க வேண்டும் என்கிறது. சுவீடனில் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் பணம் கிடைக்கிறது. அதைத் தருவது சமூகக் காப்பீடு. அதில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அம்மாவுக்கு மாற்றித் தர முடியாது. இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்களே உங்களைப் போன்ற சின்ன முதலாளிகள்தான்.

சிறுபட்டறை:
சரி, பணத்தை அரசு தரட்டும். கைப்பழக்கம் உள்ள ஆளை யார் தருவார்கள்? தற்காலிகமாக வருபவருக்கு வேலை பிடிபடுவதற்குள் போனவரே திரும்பி வந்துவிடுவார்.

காலைஷிப்ட்:
எல்லோரும் லேப்டாப் வேலையையும் நீண்ட விடுப்பையும் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பதே கிடையாது. அடுத்த வார ஷிப்ட் பட்டியல் வெள்ளி மாலைதான் சுவரில் ஒட்டப்படும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, திங்கள் இரவு குழந்தையை யாரிடம் விடுவது என்று வாசலிலேயே நின்று போன் போடுவோம். பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டினால் பாதிப் பாரம் குறையும், செலவும் அதிகம் ஆகாது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் பெரிய கடைகளும் உணவகங்களும் 14 நாள் முன்பே சொல்லியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சிறுபட்டறை:
திடீரென்று அவசர ஆர்டர் வந்தால்?

காலைஷிப்ட்:
எப்போதாவது வந்தால் நாங்களே பேசி ஷிப்டை மாற்றிக்கொள்வோம், அதற்கு மேற்பார்வையாளர் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும். வாராவாரம் அவசரம் என்றால் உங்களிடம் ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

தனிமரம்:
இது எனக்கும் உதவும். ஆனால் "பெற்றோர் நலத் திட்டம்" என்று பெயர் வைக்காதீர்கள். யாரையாவது கவனித்துக்கொள்ளும் எவருக்கும் என்று எழுதுங்கள்.

ஈரிழை:
ஷிப்டுக்கு அது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்திலேயே இடைவேளையும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் வேண்டும். இதை எப்படிப் பொதுவாக எழுதுவீர்கள்?

தனிமரம்:
அதில் எனக்கு மறுப்பில்லை. பண்டிகை நாள் பணியை மட்டும் சுழற்சியில் போடட்டும், எல்லோர் பெயரும் வரட்டும்.

சிறுபட்டறை:
பட்டியலை முன்கூட்டியே ஒட்டுகிறேன், அது என்னால் முடியும். தற்காலிக ஆள் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.