பொன்னியின் செல்வன் மூணாம் பாகத்துல இருக்கேன், அடுத்து என்ன?

கேள்வி (காவிரிக்கரை):
'கொலை வாள்' பாதி ஆச்சு. பெயர்கள் குழம்புது. முடிச்சதும் கல்கியோட சிவகாமியின் சபதமா, பார்த்திபன் கனவா? நடுவுல சோழர் வரலாறும் படிக்கலாமா?

ஏட்டுச்சுவடி:
வரலாற்றை இப்போ தொடாதீங்க. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலில் ஆதித்த கரிகாலன் முடிவு பட்டென்று வந்துடும்; மீதிப் பாகங்களோட சுவாரசியமே போயிடும். மொத்தம் 293 அத்தியாயம், அதுல கடைசிப் பாகம் மட்டும் 91. நாளுக்கு அஞ்சு வச்சா அந்தப் பாகம் மூணு வாரத்துக்குள்ள முடியும். முடிவுரையை விட்டுடாதீங்க, பாத்திரங்கள் பின்னால என்ன ஆனாங்கன்னு கல்கி அங்கேதான் சொல்றார்.

தமிழ்வாசி:
பெயர்க் குழப்பத்துக்கு ஒரு தாள் போதும். சுந்தர சோழர், அவருக்குக் கீழே ஆதித்தன், குந்தவை, அருள்மொழி. பக்கத்துல கண்டராதித்தர், செம்பியன் மாதேவி, மதுராந்தகன். பழுவேட்டரையர் ரெண்டு பேர்: பெரியவர் தனாதிகாரி (கஜானா பொறுப்பு), சின்னவர் தஞ்சைக் கோட்டைத் தலைவர். அதிகம் தடுமாறுறது இங்கதான்.

அடுத்தது சிவகாமியின் சபதம், நாலு பாகம். பார்த்திபன் கனவு முன்னாடியே எழுதினது, ஆனா கதைக்காலம் சபதத்துக்குப் பிந்தியது. முதல்ல கனவைப் படிச்சா பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் போர் எப்படி முடியும்னு தெரிஞ்சுடும்.

ஏட்டுச்சுவடி:
எல்லாம் முடிஞ்சதும் ராஜராஜ சோழன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் படிங்க. கதையில வர்ற சதிகாரன் ரவிதாசன் பெயர் அதிலேயே இருக்கு. நந்தினி கல்கியின் கற்பனை.