நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டம்: தமிழில் ஒரு மணி நேர வகுப்பில் எதைச் சொல்லித்தருவது?

கரைவழி கேட்டது:

ஸ்டேட்டன் ஐலண்டிலும் குயின்ஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, நகர மனித உரிமைச் சட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேர வகுப்பு நடத்தப் போகிறோம். உணவகத்திலும் கடையிலும் வேலை செய்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு வீடு தேடுபவர்கள்தான் அதிகம் வருவார்கள். சிறு கடை முதலாளிகளும் சிலர் உண்டு. சட்டம் காக்கும் வகைகள் ஏராளம். இனம், மதம், பாலினம் என்று தொடங்கி 2023 நவம்பரில் சேர்ந்த உயரம், உடல் எடை வரை வாசித்தாலே பாதி நேரம் போய்விடும். எதை முதலில் சொல்வது? மக்கள் எங்கே தவறுகிறார்கள்? விசா இல்லாதவர்கள் புகார் கொடுக்கலாமா, சாதிப் பாகுபாடு இதில் வருமா என்ற இரண்டு கேள்வியும் கட்டாயம் எழும்.

நெடுவழக்கு:

பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சைக் காலக்கெடுவிலிருந்து தொடங்குங்கள். வலுவான புகார்கள்கூட வீணாய்ப் போவது அங்கேதான்.

நகர மனித உரிமை ஆணையத்தில் கடைசிச் சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வேலையிடத்தில் பாலியல் தொல்லை உள்ளிட்ட பாலின அடிப்படையிலான துன்புறுத்தலுக்கு 3 ஆண்டு. ஆணையத்துக்குப் போகாமல் நேரே நீதிமன்றம் போவதற்கும் 3 ஆண்டு. மாநில மனித உரிமைப் பிரிவில், 2024 பிப்ரவரி 15 முதல் நடந்தவற்றுக்கு 3 ஆண்டு. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈஈஓசிக்கு 300 நாள்.

இத்தனை கதவு இருக்கிறதே என்று எல்லாவற்றையும் தட்டக் கூடாது. ஒரே குறையை நகரத்திடமும் மாநிலத்திடமும் கொடுக்க முடியாது. ஆணையத்தில் பதிந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, அதே விஷயத்துக்கு நகரச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகும் வழி அடைபடும். ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் பெரிய தொகை இழந்தவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலைவாய்ப்பு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

எத்தனை பேர் வேலை செய்யும் இடம் என்பதையும் கேளுங்கள். நகரச் சட்டம் பொதுவாக 4 பேர் இருந்தால் பொருந்தும். சுயதொழில் ஒப்பந்தக்காரர்களும் கணக்கில் வருவார்கள். பாலினத் துன்புறுத்தலுக்கு ஒரே ஆள் இருந்தாலும் போதும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2022 மார்ச் 12 முதல் இந்த எண்ணிக்கையே தடையில்லை. "நான் ஒருத்திதானே, எனக்கு எந்தச் சட்டம்?" என்று பேசாமல் இருந்துவிடுபவர்கள் இவர்கள்தான். இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

தாழ்வாரம்:

விசா கேள்விக்கு: குடியேற்ற நிலை இந்தச் சட்டத்தில் காக்கப்படும் வகைகளில் ஒன்று. ஆகவே ஆவணம் இல்லாதவரும் புகார் கொடுக்கலாம். பாகுபாட்டு நோக்கத்தோடு "ஐஸுக்கு (மத்திய குடியேற்ற அமலாக்கத் துறைக்கு) போன் போடுவேன்" என்று மிரட்டுவதே மீறல் என்று ஆணையம் 2019இல் தன் வழிகாட்டுதலில் தெளிவாக எழுதியிருக்கிறது. வேண்டுமென்றே செய்த மீறலுக்கு அபராதம் 2,50,000 டாலர் வரை போகலாம். வேலைக்குச் சேரும்போது, வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கான ஆவணங்களை முதலாளி கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்கப்படும் ஆவணங்களில் எதைக் காட்டுவது என்பது தொழிலாளியின் விருப்பம். "கிரீன் கார்டுதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்க முடியாது.

மொழி: நகரத் துறைகள் சேவை தர வேண்டும் என்று 2017இன் உள்ளூர்ச் சட்டம் 30 குறிப்பிடும் 10 மொழிகளில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. அதனால் தமிழ்த் துண்டுப்பிரசுரம் தயாராக இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நகரத்தின் உதவி எண்ணான 311ஐ அழைத்ததும் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்பதை வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைப்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்; பாலியல் தொல்லையைப் பற்றி மகன் முன்னால் எந்தத் தாயும் முழுதாகப் பேச மாட்டாள்.

சாதி: நகரச் சட்டத்தில் தனி வகையாக எழுதப்படவில்லை. சியாட்டில் நகர மன்றம்தான் 2023 பிப்ரவரி 21 அன்று 6-1 வாக்கில் அதைச் சேர்த்தது. ஆனால் நியூயார்க்கில் "தேசிய மூலம்" என்பதில் வம்சாவளியும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. மதமும் தனி வகை. "இங்கே அதற்கு வழியே இல்லை" என்று சொல்லி ஒருவரையும் திருப்பி அனுப்பாதீர்கள். என்ன சொன்னார்கள், எந்தச் சூழலில், வம்சத்தைச் சுட்டினார்களா என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

படிக்கட்டு:

வீடு தேடுபவர்களுக்கு 15 நிமிடமாவது ஒதுக்குங்கள். செக்‌ஷன் 8, சிட்டிஃபெப்ஸ் போன்ற அரசு வாடகை உதவி வவுச்சரில் வாடகை கட்டுபவரை அதற்காகவே மறுக்கக் கூடாது என்பது 2008 முதல் நகரச் சட்டம். இப்போது யாரும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. "புரோகிராம் எடுப்பதில்லை" என்று ஒரு குறுஞ்செய்தி வரும், அல்லது வவுச்சர் என்றதும் தரகர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார். இன்னொன்று, மாத வாடகையைப் போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பது. வவுச்சர் மொத்தத்தையும் கட்டும்போது அந்த நிபந்தனைக்கு அர்த்தமே இல்லை.

அன்றைக்கே ஆணையத்தைக் கூப்பிட வேண்டும். வீடு காலியாக இருக்கும்போது அவர்கள் வீட்டுக்காரரிடம் நேரடியாகப் பேசி, புகார் பதியாமலே சரிசெய்ய முயல்வார்கள். வேறொருவர் சாவி வாங்கிவிட்டால் பிறகு இழப்பீடு கிடைக்கலாம், வீடு கிடைக்காது. விளம்பரம், எண், தேதி மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். தாம் கலந்துகொள்ளும் உரையாடலை மறுதரப்பைக் கேட்காமலே பதிவு செய்ய நியூயார்க் மாநிலத்தில் தடையில்லை.

ஒரு விலக்கு உண்டு. சொந்தக்காரரோ அவர் குடும்பமோ ஒரு பகுதியில் வாழும் இரண்டு குடும்ப வீட்டில், விளம்பரமே செய்யாமல் மற்றப் பகுதியை விட்டால் இந்த வீட்டுவசதி விதிகள் பொருந்தாது. குயின்ஸில் இப்படி வீடு விடுபவர்கள் நிறைய. இணையத்தில் ஒரு வரி போட்டாலும் விலக்கு போய்விடும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

நெடுவழக்கு:

முதலாளிகளுக்குச் சுருக்கமாக. 15 பேர் வேலை செய்தால் ஆண்டுதோறும் பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி. ஆணையத்தின் இணையப் பயிற்சி இலவசம், செய்த பதிவை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அறிவிப்பு சுவரில் இருக்க வேண்டும். 4 பேர் இருந்தாலே வேலை விளம்பரத்தில் குறைந்த, அதிக சம்பளம் இரண்டும் வேண்டும். "20 டாலரிலிருந்து" என்று மட்டும் போட்டால் தவறு. முதல் புகாரில் 30 நாளுக்குள் திருத்தினால் அபராதம் பூஜ்யம்.

ஆணையத்தின் சமூக உறவுப் பிரிவு இலவசமாகவே வகுப்பெடுக்க ஆள் அனுப்பும். அவர்கள் பேசட்டும், நீங்கள் மொழிபெயருங்கள். "வாய்மொழிப் புகார்", "சத்தியம் செய்த புகார்" (உண்மை என்று உறுதிகூறி எழுத்தில் பதிவது) இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு முன்கூட்டியே தமிழ்ச் சொல் முடிவு செய்துகொள்ளுங்கள். பேசியதோடு புகார் பதிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய், ஓராண்டு முடிந்த பிறகு திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள்.