ராஸ்பெரி பையில் 24 பிட் ஒலிப்பதிவு: இடையில் விழும் ‘டக்’ ஓசைக்கு வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். என் ஆசிரியர் வாரந்தோறும் வாசிக்கும் வீணையை, அவருடைய அனுமதியோடு, 4 ஜிபி நினைவகமுள்ள ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோவாகப் பதிந்து வருகிறேன். மடிக்கணினியின் விசிறி இரைச்சல் மந்திர ஸ்தாயியில் தெளிவாகக் கேட்டதால்தான் இதற்கு மாறினேன்.

சுமார் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை லினக்ஸில் ஒலி பதியும் ‘ஏரெக்கார்ட்’ கட்டளை ‘ஓவர்ரன்’ (தரவு நிரம்பி வழிந்து விடுபட்டது) என்று எச்சரிக்கிறது. அந்த இடத்தைத் திரும்பக் கேட்டால், இழைந்து ஏறும் கமகம் பாதியில் அறுந்து ‘டக்’ என்று அடுத்த ஸ்வரத்தில் போய் நிற்கிறது. நொடிக்கு 576 கிலோபைட் என்பது எஸ்டி அட்டைக்குப் பெரிய சுமையே அல்ல. ஆனால் அட்டை எப்போதாவது எழுதாமல் சற்று நின்றுவிடுகிறது என்றும், ஏரெக்கார்டின் அரை நொடி பஃபர் (எழுதப்படும் வரை ஒலி காத்திருக்கும் இடைத்தேக்கம்) அதற்குள் நிரம்பி வழிகிறது என்றும் ஊகிக்கிறேன். ஏனெனில், அட்டையைத் தவிர்த்து நினைவகத்திலேயே (டிஎம்பிஎஃப்எஸ்) எழுதியபோது நாற்பது நிமிடங்களில் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. பஃபரை இரண்டு நொடியாக்கக் கேட்டாலும், ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதைக் குறைத்தே தருகிறது.

ஆகவே, பத்து நிமிடத் துண்டுகளாக நினைவகத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் பின்னர் அட்டைக்கு நகர்த்த எண்ணுகிறேன். வேவ் கோப்பின் 4 ஜிபி வரம்பு, இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் வகுப்புகளில் எப்படியும் குறுக்கிடும் என்பதால் துண்டாக்குவது தவிர்க்க முடியாததே. குறித்த நேரத்துக்கு ஒருமுறை புதிய கோப்பைத் தொடங்கும் ஏரெக்கார்டின் ‘மேக்ஸ் ஃபைல் டைம்’ தெரிவால் கோப்பு மாறும் கணத்தில் சாம்பிள்கள் (ஒலியின் அளவீட்டுத் துளிகள்) ஏதேனும் விடுபடுமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். எஸ்டி அட்டைக்குப் பதில் யூஎஸ்பி எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாறுவதே மேல் என்றால், அதே பலகையில் ஒலிப்பதிவுக் கருவியும் யூஎஸ்பியில் இருப்பது இடையூறாகுமா என்பதையும் சொல்லுங்கள்.